மாமிக்கு ஒட்டவில்லை

என் அக்காவின் மாமியாரை, அவருடைய ஒரே மகனின் கலியாணப் படங்களிலிருந்து விலக்கி வைத்தவள் நான். கோபத்தில் செய்யவில்லை. மறந்துபோயும் செய்யவில்லை. ஒரு வாரம் உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்தேன்.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. நாங்கள் புலம்பெயர்ந்து வந்திருந்த லாசாலில் ஒரு கார்டெரியில் (சின்னப் பிள்ளைகளைப் பகலில் விட்டுவிட்டுப் போகும் இடம்) வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வெளியே கூட்டிக்கொண்டு போகும்போது பிள்ளைகளின் நெஞ்சில் மிருக ஸ்டிக்கர் ஒட்டுவோம். முயல்கள் ஒரு பக்கம், தவளைகள் ஒரு பக்கம். இந்த முறையில் நான் பதினெட்டுப் பிள்ளைகளை மெட்ரோவில் ஏற்றி இறக்கிப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறேன். (ஒருமுறை பத்தொன்பது வந்தது. அது வேறு கதை.) மனித இனத்தை வரிசையில் நிறுத்துவது பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற எண்ணத்தில் இருந்தேன்.

ஜெனிற்றா அக்காவின் கலியாணம் அக்டோபரில் வந்தது. பூசை லாசாலில் ஒரு கோயிலில் (நாங்கள் வேதக்காரர், எங்களுக்குக் கோயில் என்றால் தேவாலயம்தான்), விருந்து லவாலில் ஒரு ஹோலில். குடும்பப் படங்களைக் கோயில் வாசல் படிகளில் எடுப்பதாக ஏற்பாடு. கோயிலைப் பார்த்துக்கொள்கிற மனிதர் நாற்பத்தைந்து நிமிடம்தான் தருவேன் என்றார். அதற்குப் பிறகு வேறு ஒரு கலியாணம் இருந்தது.

படம் எடுக்கிற அண்ணை வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்தபடி, "ஆர் ஆரோட நிக்கிறதெண்டு ஒராள் நிண்டு சொல்லோணும். இல்லாட்டி எங்கட ஆக்கள் படியில நிண்டு கதைச்சுக்கொண்டே இருப்பினம்" என்றார்.

நான் கையை உயர்த்தினேன்.

"பதினெட்டுப் பிள்ளையளைப் பாக்கிறன் அப்பா. இது பெரிய ஆக்கள்தானே."

"அதுதான் பயமா இருக்கு" என்றார் அப்பா.

இருபத்தேழு படங்கள். நான்கு குழுக்கள். குழந்தைகளும் அவர்களைப் பெற்றவர்களும் வாத்து, ஏனென்றால் முதலில் அழத் தொடங்குவது அவர்கள்தான். எங்கள் சொந்தக்காரர் முயல். மாப்பிள்ளை வீட்டார் தவளை. நண்பர்கள் மீன். பொம்பிளை, மாப்பிள்ளை, எங்கள் அப்பா அம்மா, மாப்பிள்ளையின் அம்மா ஆகிய ஐந்து பேருக்கும் ஸ்டிக்கர் கிடையாது. அவர்கள் எல்லாப் படங்களிலும் நிற்கப் போகிறவர்கள், படியைவிட்டு இறங்கவே தேவையில்லை. இந்த ஒழுங்கைப் பார்த்துப் பார்த்து நானே வியந்தேன். அந்த ஐந்து பேரில் நான்கு பேருக்கு விளக்கியும் சொன்னேன். மாமிக்கு அவருடைய மகன், மாப்பிள்ளை அன்ரன் அத்தான் சொல்லுவார் என்று நினைத்தேன். நான் சொல்லுவேன் என்று அத்தான் நினைத்தார்.

மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். புருஷன் மன்னாரிலேயே தவறிவிட்டார். மாமி மகனோடு இங்கே வந்து, ஒரு தையல் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம் சட்டைகளுக்குக் கை பொருத்தி அவரைப் படிக்க வைத்தவர். அதிகம் பேசமாட்டார். எங்கள் வீட்டுக்கு வந்தால் கதிரையின் நுனியில்தான் இருப்பார்.

பூசை முடிந்தது. நான் வாசலில் ஸ்டிக்கர் தாள்களோடு நின்று, வெளியே வந்தவர்களுக்கெல்லாம் ஒட்டினேன். அத்தானின் பெரியப்பா மன்னாரில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கோட்டில் ஒட்டியதைக் குனிந்து பார்த்தார்.

"இது என்ன பிள்ளை?"

"தவளை, பெரியப்பா."

"அது தெரியுது" என்றுவிட்டுத் தவளையோடு போனார்.

பிறகு மாமி வந்தார். வெள்ளிச் சரிகை போட்ட வெளிர்நீலப் பட்டுச் சேலை. என் முன்னால் நின்று, ஸ்டிக்கர் ஒட்டுவதற்கு வசதியாகத் தோளில் இருந்த மடிப்பைக் கையால் நீவிவிட்டார். (இது எனக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது. வந்த நாளிலிருந்து போகவில்லை.) நான், "மாமி, நீங்கள் போங்கோ, போங்கோ" என்று கையைக் காட்டி அனுப்பிவிட்டேன். அவருக்குப் பின்னால் வந்தவருக்கு ஒரு முயல் ஒட்டினேன். அவர் பூக்கடைக்காரர். பூச்சாடிகளைத் திரும்ப எடுக்க வந்தவர். மாமி திரும்பி நின்று அதையும் பார்த்தார்.

நான் படிக்குக் கீழே இறங்கி இரண்டு தரம் கை தட்டினேன்.

"வாத்துகள் எல்லாரும் முன்னுக்கு வாங்கோ. தவளையள் சத்தம் போடாமல் நில்லுங்கோ. ஆருக்கும் பாத்ரூம் போகோணுமெண்டா இப்பவே போட்டு வாங்கோ, பேந்து விடமாட்டன்."

பெரியப்பா உட்பட ஏழு பேர் போனார்கள். அவர்கள் திரும்பி வரப் பதினொரு நிமிடம் எடுத்தது.

ஒருவழியாக வாத்துகள் நின்றன. அண்ணை கமராவுக்குள் பார்த்தார், தலையை எடுத்தார்.

"மாப்பிள்ளையின்ர அம்மா எங்க?"

கோயிலுக்குள் இல்லை. நிலக்கீழ் மண்டபத்தில் இல்லை. அத்தான் வீதியின் இரண்டு பக்கமும் ஓடிப் பார்த்தார். அக்கா பூச்செண்டோடு என் பக்கத்தில் வந்து, உதடு அசையாமல், "மெலனி, நீ என்ன செய்தனி?" என்று கேட்டாள். அதற்குள் இரண்டு வாத்துகள் அழத் தொடங்கியிருந்தன. அப்பாதான் வீதி மூலையில் நின்ற மஞ்சள் பள்ளிக்கூட பஸ்ஸைக் காட்டினார். கார் இல்லாத விருந்தினரை லவாலுக்குக் கொண்டுபோகப் பிடித்த பஸ் அது.

நான் ஓடினேன். மாமி முன் சீட்டில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு தனியாக இருந்தார். கையில் ஒரு பெப்பர்மின்ட். அது டிரைவர் கொடுத்தது. டிரைவர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, உன் அம்மாவா என்று பிரெஞ்சில் கேட்டார். அக்காவின் மாமியார் என்றேன். முழுக்கதையும் விளங்கியவர் போல என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மாமி, எல்லாரும் உங்களைத் தேடுகினம்."

"படம் முடிஞ்சுதோ பிள்ளை?"

"இன்னும் தொடங்கேல்லை மாமி."

"நீங்கள் எடுங்கோ. நான் இதில இருக்கிறன்."

"நீங்கள் இல்லாமல் என்னெண்டு மாமி எடுக்கிறது?"

மாமி யன்னலைப் பார்த்தபடி, "எனக்கு ஒட்டேல்லையே பிள்ளை" என்றார். பெப்பர்மின்டை மறுகைக்கு மாற்றிக்கொண்டு, "நான் தனியாள். சோடி சோடியா நிக்கேக்க வடிவா இராது எண்டு விட்டிட்டீராக்கும் எண்டு நினைச்சன். அதில ஒண்டுமில்லை" என்றார்.

நான் திட்டத்தை விளக்கினேன். ஒட்டாதவர்கள்தான் முக்கியமானவர்கள், அவர்கள்தான் எல்லாப் படத்திலும் நிற்பவர்கள் என்றேன். வாயைவிட்டு வெளியே வந்த பிறகு அது எவ்வளவு மொக்குத்தனமானது என்று எனக்கே கேட்டது. மாமி கடைசிவரை கேட்டார்.

"அதை நீர் எனக்குச் சொல்லேல்லையே."

"இல்லை மாமி."

"பூக்கடைக்காரருக்கு ஒட்டினீர்."

"ஓம் மாமி."

அழுகை வந்தது. கையில் தாள்கள் இருந்தன. "எது ஒட்டட்டும் மாமி?" என்று கேட்டேன்.

மாமி நான்கு தாள்களையும் நிதானமாகப் பார்த்தார். "எல்லாப் படத்திலயும் நிக்கிற ஆள் எண்டு சொன்னீர். அப்ப எல்லாத்திலயும் ஒண்டு ஒட்டும்" என்றார்.

ஒட்டினேன். வாத்து, முயல், தவளை, மீன், தோளிலிருந்து கீழ்நோக்கி ஒரே வரிசையில். டிரைவர் கதவைத் திறந்துவிட்டார்.

நாங்கள் படிக்கு வந்தபோது அடுத்த கலியாணத்தின் நீளக் கார் வந்து நின்றுவிட்டது. கோயில்காரர் மணிக்கூட்டைத் தட்டிக் காட்டினார். "ஒண்டுதான் எடுக்கலாம்" என்றார் அண்ணை. இனி வாத்தும் இல்லை, தவளையும் இல்லை. எல்லோரும் படியில் ஏறி, இடம் கிடைத்த இடத்தில் நின்றார்கள். அத்தான் மாமியின் கையைப் பிடித்து நடுவில் தனக்கும் அக்காவுக்கும் இடையில் நிறுத்தினார். இருபத்தேழு படங்களில் கிடைத்தது அந்த ஒன்றுதான். அதில் அக்கா, அத்தான், அப்பா, அம்மா நால்வரையும் விட்டால் அத்தனை பேரின் நெஞ்சிலும் ஒரு மிருகம் இருக்கிறது, மாமிக்கு நான்கு. பூக்கடைக்காரரும் இருக்கிறார். அவர்தான் நன்றாகச் சிரித்திருக்கிறார்.

ஹோலில் ஸ்டிக்கர்களைக் கழற்றும்போதுதான் அந்தப் பசை பருத்திச் சட்டைகளுக்கு மட்டும் உகந்தது என்று தெரிந்தது. அம்மா தேங்காய் எண்ணெய் போட்டுப் பார்த்தார். அதன் பிறகு மாமியின் சேலையில் நான்கு வட்டங்களும் முன்னையைவிடப் பெரிதாகத் தெரிந்தன. மாமி இன்றைக்கும் நல்ல நாட்களுக்கு அந்தச் சேலையைத்தான் உடுக்கிறார். யாராவது கேட்டால் என்னைக் காட்டிவிடுவார்.

எங்கள் குடும்பத்தில் அழைப்பு வராவிட்டால் இப்போது யாரும் அழைப்பு வரவில்லை என்று சொல்வதில்லை. "எங்களுக்கு ஒட்டேல்லை" என்றுதான் சொல்வார்கள்.

நான்கு வருடம் கழித்து எனக்குக் கலியாணம் நிச்சயமானது. அச்சகத்திலிருந்து வந்த கார்டுகளில் முதல் கார்டை எடுத்துக்கொண்டு நேராக மாமியிடம் போனேன். இரண்டு கையாலும் கொடுத்தேன். மாமி கண்ணாடியைப் போட்டுப் பெயர்களை வாசித்தார். கார்டைத் திரும்ப உறைக்குள் வைத்தார். உறையைத் திருப்பி, மடிப்பை விரலால் தூக்கிப் பார்த்தார்.

"இது ஒட்டேல்லையே பிள்ளை."

முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. பகிடியா உண்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் உறையை வாங்கி, அவர் முன்னாலேயே நாக்கால் நனைத்து, நன்றாக அழுத்தி ஒட்டிக் கொடுத்தேன்.