சம்பந்தியின் ஷூ எங்கள் வீட்டில் தங்கிய கதை

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நானும் என் மனைவியும் நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். அவ்வண்ணமே தாங்களும் சம்பந்தி அம்மாளும், மாப்பிள்ளையும், எங்கள் பெண்ணும் எந்தத் தடையுமின்றி மூச்சு விட்டுக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். நலம் விசாரிக்கிற இடத்தில் மூச்சு எதற்கு வந்தது என்று யோசிப்பீர்கள். சொல்கிறேன். கோபித்துக்கொள்ளக் கூடாது.

தாங்கள் எங்கள் வீட்டில் தங்கியிருந்தபோது தினமும் விடிந்ததும் பூங்காவைச் சுற்றி ஓடிவிட்டு வருவீர்கள் அல்லவா? ஊருக்குக் கிளம்பிய அன்று ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று செருப்போடு போய்விட்டீர்கள். ஓட்ட ஷூ விருந்தினர் அறைக் கட்டிலுக்கு அடியிலேயே தங்கிவிட்டது. மறுநாள் போனில், "அவசரமில்ல சம்பந்தி, யாராவது இந்தப் பக்கம் வந்தா குடுத்தனுப்புங்க" என்று பெருந்தன்மையாகச் சொன்னீர்கள். அவசரம்தான் சம்பந்தி, அப்போது எங்களுக்குத் தெரியவில்லை. ஜன்னலை மூடி, அறைக் கதவையும் சாத்திவிட்டோம். சில நாட்களில் கூடத்துக்கு ஒரு வாடை வந்து சேர்ந்தது. முதலில் நான் என் மனைவியைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள், பிறகு இருவரும் குளியலறைச் சாக்கடையைச் சந்தேகப்பட்டோம். பிளம்பர் வந்தார். மூடியைத் திறந்தார், கம்பியை விட்டுக் குடைந்தார், தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். எல்லாம் சுத்தமாக இருந்தது. கூலியை வாங்கிக்கொண்டு திரும்பியவர் விருந்தினர் அறை வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினார். "சார், இது நம்ம டிபார்ட்மென்ட் இல்ல" என்று சொல்லிவிட்டு வேகமாக இறங்கிப் போய்விட்டார்.

கதவைத் திறந்தோம். விவரிக்க வேண்டாம், தங்களுக்குத் தெரியாததல்ல. என் மனைவி முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "பொண்ணக் குடுத்த இடம். ஷூ நாறுதுன்னு ஒரு வார்த்தை வெளிய போகக் கூடாது. நாமளே சரிபண்ணி, சத்தமில்லாம அனுப்பிடணும்." நானும் ஒப்புக்கொண்டேன். அதோடு நின்றிருந்தால் இந்தக் கடிதமே இல்லை.

முதலில் என் சென்ட்டை அடித்தேன். நாற்றத்தைச் சென்ட் விரட்டும் என்று நினைத்தால், இரண்டும் கைகோத்துக்கொண்டு மாடிப்படி வரை உலாப் போயின. குளிரில் கிருமி செத்துவிடும் என்று எங்கோ படித்த ஞாபகத்தில், ஷூவைக் கவரில் சுற்றி ஃப்ரீசரில் வைத்தேன். அன்று பார்த்து என் மைத்துனன் வந்தான், ஐஸ் எடுக்கத் திறந்தான், "அக்கா, இது என்ன மீனு? இவ்ளோ பெருசா இருக்கு, மதியத்துக்குப் பண்ணேன்" என்றான். இன்றுவரை மீனைத் தனக்குப் போடாமல் ஒளித்து வைத்ததாகத்தான் அவன் தன் அக்காவிடம் கோபித்துக்கொண்டிருக்கிறான். ஷூ உறைந்து கல்லாகத்தான் வெளியே வந்தது. ஆனால் வெயில் ஏறியதும் வாடை நன்றாகத் தூங்கி எழுந்த தெம்போடு கிளம்பியது. வீட்டில் வேண்டாம் என்று என் கண்ணாடிக் கடைக்குக் கொண்டுபோய்ப் பின்பக்க ஜன்னலில் கட்டித் தொங்கவிட்டேன். பார்வை சோதிக்க வந்த ஒரு வாத்தியாரம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். "கடைசி வரி தெரியுதாம்மா?" என்று கேட்டேன். "எழுத்தெல்லாம் தெளிவா இருக்கு சார். ஆனா கண்ணுல தண்ணி நிக்க மாட்டேங்குது" என்றார். சொட்டு மருந்து எழுதி வாங்கிக்கொள்ள அவரை டாக்டரிடம் அனுப்பிவிட்டேன். அந்தப் பாவம் வேறு.

இனித்தான் தங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் வருகிறது. பொறுமை போய், வாஷிங் மெஷினில் போட்டு வெந்நீரில் சுற்றவிட்டேன். உள்ளே என் மனைவியின் சிவப்புத் துண்டு ஒன்று கிடந்ததைக் கவனிக்கவில்லை. பால் வெள்ளையாக இருந்த தங்கள் ஷூ இளஞ்சிவப்பாக வெளியே வந்தது. இடது ஷூவின் அடிப்பாகம் பசை விட்டுப்போய், ஏதோ சொல்ல வந்ததுபோல் வாயைத் திறந்துகொண்டு நின்றது. என் மனைவி, "தள்ளுங்க, நான் பாத்துக்கறேன்" என்று வாங்கிக்கொண்டாள். உள்ளே இருக்கும் மெத்தையை உருவித் தனியாகச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். ஷூவுக்குள் சமையல் சோடாவைத் தூவி ஊறவிட்டு, மறுநாள் தட்டிக் கொட்டினாள். செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஈரம் ஏற ஏற மாற்றி, நிழலில் மின்விசிறிக்கு எதிரே காயவைத்தாள். அப்படியும் வாடை விடாத பழைய மெத்தையைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியது போட்டாள். பிளந்த அடியை நான் ஒட்டினேன். அதன் பிறகு அவள் ஷூவுக்குள் மூக்கையே விட்டுப் பார்த்து, "ஏங்க, ஒண்ணுமே வரலீங்க!" என்று கத்தியபோது எங்களுக்கு வந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவேன்? பெண் பரீட்சையில் தேறியபோதுகூட இப்படித் துள்ளவில்லை.

"கால் உள்ள போனாத்தான் தெரியும். போட்டுட்டு ஒரு சுத்து நடந்துட்டு வாங்க" என்றாள். இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டதும் அளவு சரியாக வந்தது. பூங்காவில் நடந்துகொண்டிருந்தேன். ஒரு நாய், அதற்கு மட்டும் அந்த ஷூவில் இன்னும் என்ன மிச்சம் தெரிந்ததோ, பின்னாலேயே வந்தது. பாசமாகத்தான் வந்தது என்று பிறகு சொன்னார்கள். நான் ஓடினேன் சம்பந்தி! பள்ளிக்கூட மணிக்குப் பிறகு எதற்கும் ஓடாதவன், பஸ் போனால் அடுத்த பஸ் என்று நிற்பவன், பூங்காவை முழுதாக ஒரு சுற்று ஓடிவிட்டேன். நாய் எப்போதோ படுத்துவிட்டது. நான்தான் நிற்கவில்லை. மூச்சு இரைத்தது, முகம் சிவந்தது, மனசு மட்டும் லேசாக, கழுவிவிட்ட மாதிரி இருந்தது. சோதனை போதாது என்று மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும். இப்போதெல்லாம் கடையில் ஃபிரேமைக் கலைத்துப் போட்டுவிட்டு எதுவும் வாங்காமல் போகிறவர்களைப் பார்த்துக்கூடச் சிரிக்கிறேன். தாங்கள் ஏன் விடியற்காலையில் அப்படி ஒரு முகத்தோடு வீடு திரும்புவீர்கள் என்பது இப்போது புரிகிறது.

ஆகவே, நிறம் மாறினாலும் மணம் சீரான தங்கள் ஷூவை நாளைக் காலை பார்சலில் அனுப்புகிறேன். இனி ஓடி வந்ததும் மெத்தையை உருவிக் காற்றில் வைக்கும்படி, மிகுந்த தயக்கத்தோடும் மரியாதையோடும், தங்கள் பாதங்களின் நன்மை கருதியும், கேட்டுக்கொள்கிறேன். சம்பந்தி அம்மாளுக்கு எங்கள் இருவரின் அன்பும் விசாரிப்பும். மாப்பிள்ளையும் பெண்ணும் எல்லா வளமும் பெற்று, காற்றோட்டமான வீட்டில் நெடுநாள் வாழ எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி

பி.கு.: பார்சல் கட்டுவதற்கு முன் கடைசியாக ஒரு முறை என்று இன்று காலை ஓடப் போனேன். நடுவில் நல்ல மழை. நனைந்த ஷூவை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். வெளியே வந்தால் வீடு முழுக்க வாடை. "பாத்தியா, சம்பந்தியோட நாத்தம் திரும்பி வந்துடுச்சு" என்றேன். என் மனைவி ஷூவைக் கையில் எடுத்து, ஒரு முறை முகர்ந்து, கையை நீட்டித் தூரமாகப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அவரோடது எனக்கு நல்லாத் தெரியும். இது உங்களோடது. அவரோடது இதுக்கு எவ்வளவோ தேவலாம்." ஆகவே தங்கள் பாதங்களைப் பற்றி மேலே எழுதிய அனைத்தையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஷூவை அனுப்புவதாகவும் இல்லை.