கொக்கி சார் மலைக்கு இழுத்த வீடு

கரண்டுக்குப் பயப்படாதவர்களைத் தர்மபுரி மாவட்டத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். கொக்கி சாருக்குப் பயப்படாதவர் ஒருத்தரைக்கூடப் பார்த்ததில்லை. பென்னாகரம் பக்கம் கரண்ட் ஆபீசில் லைன்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருந்தது. எவனாவது லைனில் திருட்டுத்தனமாகக் கொக்கி போட்டு மோட்டார் ஓட்டினால், நீளக் கழியோடு போய் அதைப் பிடுங்கி எறிந்துவிடுவார். அதனால் வந்த பெயர். சொந்த மச்சான் தோட்டமாக இருந்தாலும் சரி, கோயில் சீரியல் செட்டாக இருந்தாலும் சரி. ஒரு வருஷம் மாரியம்மனே பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில்தான் ஊர்வலம் போனாள்.

"ஆத்தா மேல எனக்கு ஒண்ணும் கோவமில்லீங்க. மீட்டர் இல்லாம வெளிச்சம் கேட்டா, யாரா இருந்தாலும் இல்லதான்" என்றார்.

அவர் வீட்டு மாடியில் ஏழு வருஷம் குடியிருந்தவன் நான். ஆகவே நான் சொல்வதில் பாதியையாவது நீங்கள் நம்பலாம்.

அவர் மனைவி சரோஜாக்கா வத்தல்மலையில் பிறந்தவர். இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனதிலிருந்து அக்காவால் கீழே உட்கார முடியாது. வாக்கர் இல்லாமல் நடக்க முடியாது. அரைமணிக்கு ஒரு தடவை காலை நீட்டிப் படுக்க வேண்டும். கக்கூசும் நாற்காலி மாதிரி உயரமாக இருந்தாக வேண்டும். மூன்று வருஷமாக மலைப்பக்கமே போகவில்லை. இந்த நேரம் பார்த்துத்தான் அக்காவின் ஒரே தம்பி மாதேசனுக்கு, நாற்பத்து மூன்றாவது வயதில், ஒருவழியாகப் பெண் அமைந்தது. கல்யாணம் மலைமேல், பிறந்த வீட்டு வாசலில். தாலியில் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவான். மீதி இரண்டும் அவன் கூடப்பிறந்தவள் போட வேண்டியது. நாத்தனார் முடிச்சு.

"எனக்கு பதிலா சித்தப்பா பொண்ணு போடட்டுங்க" என்று அக்கா ஒரு மத்தியானம் சொன்னார். சொல்லிவிட்டு முந்தானையை முகத்தில் பொத்திக்கொண்டார்.

கொக்கி சார் பிட்டு எடுத்த களி உருண்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தார். "உன்னால வூட்ட விட்டு வர முடியாது. அவ்ளோதானே? வூட்டையே இழுத்துக்கிட்டுப் போறேன், வா."

நான் சிரித்துவிட்டேன். சிரித்தவனைத்தான் அவர் வேலைக்கு எடுத்துக்கொள்வார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

மறுநாளே என்னை இழுத்துக்கொண்டு வத்தல்மலை ரோட்டுக்குப் போய், ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவையும் பழைய ஒயரைப் பிடித்து அளந்தார். ஒயரின் மறுமுனை நான். வளைவில் திரும்புகிற அளவுக்கு ஒரு கேரவனை, அதாவது சக்கரம் வைத்த குட்டி வீட்டை, தர்மபுரி வெல்டிங் பட்டறையில் கட்டச் சொன்னார். உள்ளே ஒரு கட்டில், ஒரு ஃபேன், ஒரு நாற்காலிக் கக்கூஸ். இழுக்கிற கார் அவர் மகளுடையது. பெங்களூரில் வேலை பார்த்தவள், வெளிநாடு போகும்போது அப்பாவிடம் விட்டுப்போனாள். பெட்ரோலிலும் ஓடும், வீட்டுப் பிளக்கில் சொருகிச் சார்ஜ் ஏற்றினால் கரண்டிலும் ஓடும். கரண்டில் ஓடுகிற கார் என்றதும் மனுஷன் அதைக் குலதெய்வம் மாதிரி துடைத்து வைத்திருந்தார்.

காரையும் கேரவனையும் சேர்க்க வேண்டுமே! பட்டறை வாசலில் காரை நிறுத்தி, "கொக்கி ஒண்ணு போடணுங்க, நல்லா ஸ்ட்ராங்கா" என்றார். பட்டறைக்காரர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இரண்டு கையும் கூப்பினார்.

"சார், சத்தியமா நாங்க மீட்டர்லதான் ஓட்டறோம். உள்ள வந்து பாருங்க சார்."

நான்தான் விளக்க வேண்டியிருந்தது. விளக்கிய பிறகும் அந்த மனுஷர் நம்பவில்லை. கொக்கி சாரே கொக்கி போடச் சொல்கிறாரா என்று பட்டறையே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது.

காரோடு வந்த புத்தகத்தை நான் படித்தேன். பாரம் இழுத்து மலை ஏற என்ஜினும் பேட்டரியும் சேர்ந்து உழைக்க வேண்டும், ஆகவே சமவெளியில் ஒரு பட்டனை அழுத்தி, பெட்ரோலில் ஓட்டி, சார்ஜை மலைக்கு மிச்சம் வைக்கவும் என்று போட்டிருந்தது. போய்ச் சொன்னேன்.

"கரண்ட் இருக்கறப்ப எவனாச்சும் பெட்ரோல எரிப்பானா? முப்பத்திமூணு வருசம் கரண்ட் ஆபீஸ்ல சோறு தின்னவன்கிட்ட வந்து சொல்றயே தம்பி!"

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் கிளம்பினோம். அக்கா பின்சீட்டில் சாய்ந்திருந்தார். அரைமணிக்கு ஒரு தடவை வண்டியை ஓரங்கட்டுவோம், அக்கா கேரவனுக்குள் போய்ப் படுத்து எழுந்து வருவார். கார் சத்தமே இல்லாமல் போனது. "பாத்தியா, பாத்தியா" என்று கொக்கி சார் வழிநெடுக என் தொடையில் அடித்துக்கொண்டே வந்தார். தர்மபுரி தாண்டுவதற்குள் சார்ஜ் மொத்தமும் தீர்ந்து என்ஜின் உறுமியது. அவர் அதைக் கேட்காத மாதிரி நடித்தார்.

மலையில் இரண்டாவது வளைவு. கார் முனகியது, திணறியது, ஏதோ சிவப்பு விளக்கைப் போட்டது, நின்றது. நான் குதித்து ஓடிச் சக்கரத்துக்குக் கல் வைத்தேன். பின்னால் போகலாமென்றால் கேரவன் இடதுபக்கம் போகச் சொன்னால் வலதுபக்கம் போகிறது. நல்லவேளை, பின்னால் வந்த டிராக்டர்காரர் இறங்கி வந்தார். "கரும்பு லோடையே பின்னால தள்ளறோம், இது என்னாங்க பிரமாதம்" என்று ஸ்டியரிங்கை இரண்டு விரலில் பிடித்து, எங்களை அடிவாரத்தில் கொண்டுவந்து விட்டார்.

இப்போது சார்ஜ் வேண்டும். அடிவாரத் தோட்டத்துக்காரர் ஒருவர் ஓடி வந்தார். "மோட்டார் ரூம்ல சொருகிக்குங்க சார். விவசாயக் கரண்ட், இலவசந்தான்!"

"அது பயிருக்குக் குடுத்தது. காருக்கு இல்ல" என்றார் கொக்கி சார்.

"ஏனுங்க, ஒரு நாளைக்கு..." என்றார் அக்கா.

"ஒரு நாளைக்குன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. நான் கேட்டனா?"

அக்கா கதவைத் திறந்து, வாக்கரை ஊன்றி இறங்கி, மலைப்பக்கமாகத் திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டார். ஒரு அடி, ஒரு மூச்சு. ஒரு அடி, ஒரு மூச்சு. வைராக்கியத்தில் புருஷனுக்குச் சளைத்தவர் இல்லை. கொக்கி சார் முகம் செத்துப் போனது. சர்வீஸில் எத்தனையோ பேர் கையெடுத்துக் கும்பிட்டும் அசையாத மனுஷன், "சரோஜா... சரோஜா..." என்று பின்னாலேயே ஓடினார். எனக்கு அவர்மேல் பயங்கரக் கோபம். உங்கள் நேர்மையை நீங்களே தின்னுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அந்த நேரம் எதிரில் இருந்த மாவு மில்லிலிருந்து, தலையெல்லாம் மாவாக ஒரு அம்மா வெளியே வந்தார்.

"கொக்கி சாரா? என்னைய ஞாபகம் இருக்குதா? பென்னாகரத்துல என் மில்லு ஒயர அத்து எறிஞ்சீங்களே!"

கொக்கி சார் ஒரு அடி பின்வாங்கினார். "இருக்குதுங்க."

"உங்களத் திட்டிக்கிட்டே போயி மீட்டர் வாங்குனேன். இங்க வந்தும் முதல்ல மீட்டர்தான் வாங்குனேன். வந்து பாருங்க, ஓடுதா இல்லையான்னு. அங்கயே சொருகுங்க."

அவர் நிஜமாகவே உள்ளே போய் மீட்டரைப் பார்த்தார்! மீட்டர் முத்திரையைக்கூடத் தடவிப் பார்த்தார். பிறகு ஒயரைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "மில்லும் காரும் ஒண்ணா இழுத்தா இந்த ஒயர் தாங்காதுங்க. நாலு மணி நேரத்துக்கு மில்ல நிறுத்தணும்."

மில் முழுக்கக் கேழ்வரகு டப்பாக்களோடு பெண்கள் வரிசை. "நாலு மணி நேரமா? ராத்திரி களிக்கு நாங்க எங்க போறது?" என்று ஒரே கூச்சல். என்னிடம் விவரம் கேட்டுக்கொண்ட மில்லுக்கார அம்மா, ரோட்டில் நின்ற சரோஜாக்காவைக் காட்டி, "நாளைக்குத் தம்பிக்கு நாத்தனார் முடிச்சு போடப் போகுது அந்த அக்கா" என்றார். கூச்சல் நின்றது. முதலில் நின்ற பெண் தன் டப்பாவைத் தூக்கி ஓரமாக வைத்தாள். "எங்க வூட்டுல இன்னிக்கு சோறு ஆக்கிக்கறோம். நீங்க சொருகுங்க." அடுத்தடுத்து எல்லா டப்பாவும் ஓரத்துக்குப் போயின. அக்கா கேரவன் கட்டிலில் படுத்திருக்க, அந்தப் பெண்களெல்லாம் ஒவ்வொருத்தராக உள்ளே ஏறி நாற்காலிக் கக்கூஸை அதிசயமாகப் பார்த்துவிட்டு இறங்கினார்கள்.

சாயங்காலம் கார் கிளம்பியது. என்ஜினும் பேட்டரியும் சேர்ந்து இழுக்க, நின்ற வளைவைத் தாண்டி, அடுத்ததைத் தாண்டி ஏறியது. வளைவுக்கு வளைவு நான் கல்லோடு ஓடினேன். மேலே போய்ச் சேர்ந்தபோது மாதேசன் ரோட்டிலேயே நின்றுகொண்டிருந்தான். அக்காவைப் பார்த்ததும் மாப்பிள்ளை என்றும் பார்க்காமல் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

மறுநாள் முகூர்த்தம். மணமக்களை நிற்கவைத்துத்தான் தாலி கட்டினார்கள், அக்கா குனிய முடியாது என்று. மாதேசன் ஒரு முடிச்சுப் போட்டான். அக்கா வாக்கரை விட்டுவிட்டுக் கையை நீட்டினார். கொக்கி சார் பின்னாலிருந்து இரண்டு தோளையும் தாங்கிக்கொண்டார். அக்காவின் விரல்கள் அப்படி நடுங்கின. கயிறு நழுவியது, பிடித்தார், மறுபடி நழுவியது. "நேரம் போவுது, யாராச்சும் கை குடுங்க" என்று கூட்டத்தில் ஒரு குரல். சித்தப்பா மகள் கையை நீட்டினாள்.

"யாரும் கை வைக்காதீங்க!" என்று கத்தினார் கொக்கி சார். "லைன்ல ஆள் இருக்குது!" கம்பத்தில் ஆள் ஏறியிருக்கும்போது யாரும் சுவிட்சைத் தொடக்கூடாது என்று லைன்மேன்கள் போடுகிற அதே சத்தம்.

மேளக்காரர்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டார். அந்த அமைதியில் அக்கா இரண்டாவது முடிச்சைப் போட்டார். பிறகு மூன்றாவதையும் போட்டார். அது இறுகுகிற வரைக்கும் மனுஷன் மூச்சே விடவில்லை. கண்ணீர் மட்டும் அதுபாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. துடைக்க அவருக்குக் கை இல்லை. நான்தான் என் துண்டால் துடைத்துவிட்டேன்.