முன்பக்கம்தான் ஆபரேஷன்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. அறுவை சிகிச்சை முடிந்து டாக்டர் சொன்னதற்கெல்லாம் பயபக்தியோடு தலையாட்டிவிட்டு, ஆஸ்பத்திரிப் படி இறங்குவதற்குள் அதில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடும் இனம். உங்களுக்கு நாலு பேரையாவது தெரிந்திருக்கும். நாம் நாமக்கல் பூபதியை எடுத்துக்கொள்வோம்.

பூபதிக்கு ஐம்பத்திரண்டு வயது, மூன்று லாரி, ஒரு குடலிறக்கம். வயிற்றுக்குள் வலை வைத்துத் தைத்த டாக்டர், மூன்று மாதத்துக்குத் தண்ணீர்க் குடம்கூடத் தூக்கக் கூடாது, மீறினால் மறுபடி கிழிக்க வேண்டிவரும் என்றார். வீட்டில் அந்த உத்தரவுக்குப் பூபதி எப்படிக் கட்டுப்பட்டார் என்கிறீர்கள்? குடம் தூக்கவில்லை, கேஸ் சிலிண்டரை நகர்த்தவில்லை, சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்கவில்லை. எல்லாவற்றையும் மனைவி தேவிப்ரியா சுமக்க, இவர் வயிற்றில் கட்டிய பெல்ட்டைத் தடவிக்கொண்டு பெருமூச்சு விட்டார்.

ஐந்தாவது வாரம் கவலை ஒன்று வந்தது. அடுத்த மாதம் வாழப்பாடியில் அக்கா மகள் யாழினிக்குக் கல்யாணம். இவர் ஒரே தாய்மாமன். சீர் செய்ய மேடையில் நிமிர்ந்து நிற்க வேண்டாமா? படுத்தே கிடந்ததில் முதுகு வளைந்து போயிருந்தது. உடனே போய் ஜிம்மில் சேர்ந்தார். ஆபரேஷன் ஏதும் நடந்திருக்கிறதா என்று பயிற்சியாளர் ஜீவானந்தம் கேட்டார்.

"முன்பக்கந்தானுங்க ஆபரேஷன். நான் முதுகுக்கு வந்திருக்கறனுங்க."

டாக்டர் சீட்டு இல்லாமல் எதையும் தொடக் கூடாது என்றார் ஜீவானந்தம். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும், தலைக்கு மேலே தொங்கிய கம்பியைப் பிடித்துப் பூபதி மார்புவரை இழுத்தார். எதிரே முப்பது கிலோ ஏறி இறங்கியது. சுகமாக இருந்தது. மறுநாள் பத்து கிலோ சேர்த்தார். நான்காம் நாள் தொப்புளுக்குக் கீழே சுருக்கென்றது. யாரிடம் சொல்வார்?

அன்று சாயங்காலம் டிரைவர் ஆண்டி செவ்வாய்ப்பேட்டை மண்டியிலிருந்து போன் செய்து, வண்டியில் முழு லோடு ஏற்றலாமா என்று கேட்டார். பூபதிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இன்ஜினப் பிரிச்சுக் கட்டி ஒரு மாசம் ஆகல, அதுக்குள்ள ஃபுல் லோடா? பாதிதான் ஏத்தோணும். ஸ்பீடு நாப்பதத் தாண்டக் கூடாது. இரும்பே ஆனாலும் செட்டாகறதுக்கு நாளு வேணுமல்ல?"

தேவிப்ரியா இடுப்பில் குடத்தோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வியர்வையில் ஊறிய பனியன்களை நாலு நாளாகத் துவைப்பவள் அவள்தான்.

"வண்டிக்குச் சொல்ற புத்தி வயித்துக்கு வேண்டாமுங்களா?" என்றாள்.

பூபதிக்கு அப்போதுதான் பயம் வந்தது. மறுநாள் டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்து, எதையாவது தூக்கினீர்களா என்று கேட்டார்.

"தூக்கலைங்க சார். கீழ இழுத்தனுங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. வலை எப்படியோ பிழைத்திருந்தது. ஆனால் மூன்று மாதக் கணக்கு இன்றிலிருந்து மறுபடி ஆரம்பம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கல்யாணத்தில் சீர்த்தட்டுகளைத் தேவிப்ரியா சுமந்து வர, தாய்மாமன் மேடை ஓரத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். யாழினி காலில் விழுந்தபோது குனிந்து அவளைத் தூக்கிவிட இவரால் முடியவில்லை. அவளே எழுந்துகொண்டாள். பூபதிக்கு அழுகை வந்துவிட்டது.

நீங்கள் சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். சிரிக்கும்போது ஒரு கை தானாகப் போய் வயிற்றைப் பொத்திக்கொள்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இதை நான் ஒரு கையால்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்னொரு கை எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள்.