மாமாவின் காருக்கு நான் தைத்த ஃபில்டர்

என் முகத்தில் மூக்கு என்று ஒன்று இருப்பது மூக்குக்கண்ணாடி நிற்பதற்கு மட்டும்தான். கள்ளக்குறிச்சியில் இருபத்தைந்து வருடமாக மாவு மில் ஓட்டுகிறேன். மல்லியும் மிளகாயும் அரைத்து அரைத்து மூக்குக்கும் கண்ணுக்கும் ரோஷம் போய்விட்டது. இது எனக்குத் தெரியவந்த நாளில், அக்கா மகளின் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

அக்கா வீட்டுக்காரர், அதாவது என் மாமா, சென்னையில் யாரோ ஓட்டி ஓய்ந்த வெளிநாட்டுக் கார் ஒன்றை வாங்கி வந்திருந்தார். தோல் சீட்டு, மரம் பதித்த டேஷ்போர்டு. (கண்ணாடியை இறக்கப் பொத்தானை அமுக்கினால், கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் இறங்கும். பெரிய இடத்து வண்டி அல்லவா.) ஏசி போட்டால் நனைந்த சாக்கு வாடை வருகிறது என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு வரவில்லை. அப்போதாவது யோசித்திருக்கலாம்.

தியாகதுருகத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பையனின் அம்மா மட்டும் இன்னும் சரி என்று சொல்லவில்லை. அவரையும் அவர் வீட்டுக்காரரையும் காரில் கல்வராயன் மலைக்குக் கூட்டிப்போய், அருவியைக் காட்டித் திரும்புவதற்குள் சம்மதம் வாங்கிவிடுவது மாமாவின் திட்டம். பயணத்துக்கு முதல் நாள்தான் மெக்கானிக் சொன்னார்: "ஏசி ஃபில்டர் அடைச்சிக்கினு இருக்குதுங்க. சென்னையில இருந்து வரணும், நாலு நாள் ஆவும்."

மாமா நேராக மில்லுக்கு வந்தார்.

"இன்னா மச்சான், தூசியிலயே பொழைக்கிற ஆளு நீ. ஒரு ஃபில்டர் பண்ண மாட்டியா?"

எனக்கு முடியாது என்று சொல்ல வராது. வாய் திறப்பதற்குள் வெட்கம் முந்திக்கொண்டு தலையை ஆட்டிவிடும். ஆட்டியது.

செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, முன் சீட்டுக்கு எதிரே சாமான் வைக்கும் டப்பாவைக் கழற்றினேன். அதன் பின்னால் ஃபில்டர் இருந்தது. கறுத்துப்போன காகித மடிப்புகளுக்குள் புளிய இலையும், எலி சேர்த்து வைத்த மக்காச்சோளமும் கிடந்தன. காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுச் சட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். அதில் எதை மாட்டுவது?

மில்லில் மாவு விழும் வாயில் கட்டும் துணிப் பை நினைவுக்கு வந்தது. காற்றை விடும், தூளை விடாது. அரிசி மாவுப் பையும் கோதுமைப் பையும் வேலையில் இருந்தன. மிளகாய்ப் பை மட்டும் துவைத்துக் காய்ந்துகொண்டிருந்தது. மூக்கில் வைத்து இழுத்துப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. நான்காக மடித்து, கோணி ஊசியால் சட்டத்தோடு தைத்து மாட்டினேன். மூன்று திருகாணி மிச்சம் வந்தது. ஏசியை மெல்ல வைத்துக் கால் மணி நேரம் உள்ளே உட்கார்ந்திருந்தேன். தென்றல்தான்.

"நீயும் கூட வா. வண்டி ஏதாச்சும் மக்கர் பண்ணா பாக்கலாம்" என்றார் மாமா.

மறுநாள் காலைக் காற்றுக்காகக் கண்ணாடியை இறக்கியே போனோம். மாமா ஓட்ட, பக்கத்தில் பையனின் அப்பா. பின்னால் அக்கா, பையனின் அம்மா, ஓரத்தில் நான். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போது முன்னால் ஒரு லாரி புழுதி கிளப்பியது. மாமா கண்ணாடிகளை ஏற்றி, ஏசியை முழுதாகத் திருகிவிட்டு, "இப்ப பாருங்க, சும்மா ஊட்டி மாதிரி இருக்கும்" என்றார்.

முதலில் பையனின் அப்பா தும்மினார். ஏழு தும்மல் வரை எண்ணினேன். அதற்குள் அக்கா இருமினாள், பையனின் அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார், மாமா ஒரு கண்ணை மூடிக்கொண்டு வளைவில் திருப்பினார். கண்ணாடி யோசித்துக்கொண்டிருந்தது. வண்டியை ஓரம் கட்டி எல்லாரும் இறங்கி, பட்டுப் புடவையும் வெள்ளை வேட்டியுமாகச் சாலையோரத்தில் உட்கார்ந்து கண்ணீர் விட்டார்கள். நான் ஒருவன்தான் பிள்ளையார் மாதிரி நின்றேன்.

அந்த நேரம் பார்த்து மலையிலிருந்து இறங்கிய பஸ் நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்து, அழாமல் இருந்த என்னிடமே கேட்டார்.

"எந்த வூட்டு சாவுங்க?"

பஸ்ஸே என்னைப் பார்த்தது. எனக்கு வெட்கம். தலை ஆடிவிட்டது.

ஒரு அம்மா ஜன்னல் வழியாகத் தண்ணீர் பாட்டிலை நீட்டி, "மனச தேத்திக்கோங்க" என்றார். பஸ் ஹார்ன்கூட அடிக்காமல் மரியாதையாக நகர்ந்தது.

முகம் கழுவிய பிறகு பையனின் அம்மா என்னைப் பார்த்தார்.

"ஏங்க, உங்களுக்கு மட்டும் ஏன் ஒண்ணும் ஆவல?"

மிளகாய்ப் பையைப் பற்றிச் சொன்னேன். மாமா கண்ணைத் துடைக்கும் சாக்கில் முகத்தை மூடிக்கொண்டார். இனி சம்மதம் எங்கே என்று அக்கா மறுபடியும், இந்த முறை நிஜமாகவே அழ ஆரம்பித்தாள்.

பையனின் அம்மா மறுபடியும் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு தோள் குலுங்கியது. இருமல் என்று நினைத்தேன். சிரிப்பு.

"தொவைச்ச பையே இப்டின்னா, அரைக்கிற மொளகா எப்டி இருக்கும்" என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "அழுவாத சம்பந்தி. பொண்ண அனுப்பும்போது அழுவ கொஞ்சம் மிச்சம் வை."

அருவி பார்க்கவில்லை. கண்ணாடிகளை இறக்கிவிட்டுக்கொண்டு சம்பந்திகளாகத் திரும்பினோம்.

கல்யாணம் முடிந்து பெண்ணை வழியனுப்பும்போது எல்லாரும் அழுதார்கள். அவள் என்னிடம் வந்து, "வரேன் மாமா" என்றாள். என் கண்ணும் நிறைந்துவிட்டது. சம்பந்தி அம்மா அதைப் பார்த்துவிட்டார்.

"பாருங்க, மில்லுக்காரரே அழுவுறாரு. அப்ப பொண்ணு நெஜமாவே போவுது."

இன்றும் எங்கள் குடும்பத்தில் யாராவது அழுதால் முதலில் என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். நான் அழவில்லை என்றால், யாரோ ஏசி போட்டுவிட்டார்கள் என்று அர்த்தம்.