ஹியருக்கும் லிஸனுக்கும் நடுவே ஒரு பழத்துண்டு

“ஏங்க, ஹியர், லிஸன் ரெண்டும் ஒண்ணுதானே?” என்று அன்று காலையும் மனைவி கேட்டாள்.

‘அகராதி’ என்று பேர் வாங்கியிருந்த கணவர் செய்தித்தாளை மடித்து வைத்தார்.

“எத்தனை தடவை சொல்றது? ஹியர்னா தானா காதுல விழறது. தெருவுல வண்டி போகுது, குழாய் சொட்டுது, அதெல்லாம் ஹியர். லிஸன்னா நாமளா காது குடுக்கறது. விழறது வேற, குடுக்கறது வேற.”

திறந்திருந்த வாய்க்குள் வழக்கம்போல அவள் கையிலிருந்து ஒரு வாழைப்பழத் துண்டு வந்து விழுந்தது. அதை மெல்லாமலே விழுங்கிவிட்டு அவர் ஓவர்ஹியருக்குத் தாவினார். அவள் தண்ணீரை நீட்டி, “ஓ, அப்படியா!” என்றாள். டம்ளர் காலியானதும் எழுந்து உள்ளே போய்விட்டாள். ஓவர்ஹியர் பாதியில் நின்றது.

அன்று மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தவள், அவருடைய சட்டை ஒன்று மடியில் கிடக்க, நாற்காலியில் சாய்ந்தாள். அவ்வளவுதான்.

அகராதி என்பது அலுவலகத்தில் வைத்த பேர். ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் ஆங்கிலக் கடிதங்களைத் திருத்துவது அவர் வேலை. யாராவது ‘பிக்’ என்று எழுதினால் ‘லார்ஜ்’ என்று திருத்துவார். ‘லார்ஜ்’ என்றே எழுதி வந்தால் ‘கிரேட்’ என்று திருத்துவார். தன் சொல்லறிவை மெச்சித்தான் அந்தப் பேர் வந்தது என்று நம்பினார். பேருக்குப் பின்னால் எல்லோரும் ‘பிடித்தவர்’ என்று சேர்த்துச் சொன்னது கடைசிவரை அவர் காதில் விழவில்லை.

வீட்டில் மனைவிக்குத் தினமும் காலையில் ஒரு சந்தேகம் வரும். கேட்டதையே திரும்பக் கேட்பாள். “மண்டையில ஏறாது. ஆனா ஆர்வத்துக்குக் குறைச்சல் இல்லை” என்று மகளிடம் பெருமையாகச் சொல்லுவார்.

அவள் போன பிறகு வீட்டில் யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை. சில வாரம் கழித்து, ஒரு காலையில் அவர் கட்டிலைவிட்டு எழுந்தபோது அறையே ஊஞ்சலாடியது.

ஆஸ்பத்திரி வரவேற்பில் இருந்த பெண் கேட்டாள். “தலை சுத்துதா சார்?”

“எது சுத்துதுன்னு கேக்கணும்மா. நான் சுத்தினா கிடி. சும்மா தள்ளாடினா டிஸி. அறை சுத்தினா வெர்டிகோ. எனக்கு அறை.”

“வெர்டிகோன்னா காது டாக்டர். மூணாவது மாடி.”

காது டாக்டர் குடைந்து பார்த்தார். காதில் குறை இல்லை. “கண்ணு மங்கலா, ப்ளரா இருக்கா?”

“ப்ளர் இல்லை டாக்டர், டிம். ப்ளர்னா ஓரம் கலையும். டிம்னா வெளிச்சம் குறையும்.”

“வெளிச்சம் குறைஞ்சா கண் டாக்டர்தான்.”

கண் டாக்டர் புதுக் கண்ணாடி கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு இறங்கியபோது கடைசிப் படி ஒன்று கூடுதலாகத் தெரிந்தது. இல்லாத படியில் காலை வைத்தார். கணுக்கால் வீங்கியது.

தகவல் கேட்டு மகள் ஓடிவந்தாள். எலும்பு டாக்டர் வயதானவர். “இது ஸ்ப்ரெயினா ஸ்ட்ரெயினான்னு முதல்ல…” என்று அகராதி ஆரம்பித்தார்.

“வாயை மூடுங்க. கையை நீட்டுங்க.”

கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். முள்ளைப் பார்த்ததும் அவர் புருவம் மேலே போனது. “பிரஷர் மாத்திரையை எப்ப நிறுத்தினீங்க?”

“நிறுத்தறதா? நான் வாழ்நாள்ல அதைத் தொட்டதே இல்லை!”

அது அவருடைய பழைய பெருமை. பத்து வருஷத்துக்கு முன் ஒரு டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். “ஹைபர்டென்ஷன்னு எழுதியிருக்கான். எனக்கு டென்ஷனே கிடையாது. வார்த்தையே தப்பு, மருந்து எப்படிச் சரியா இருக்கும்?” என்று கேட்டு, மனைவியின் கண்ணெதிரே அதைக் கசக்கிக் குப்பைக்கூடையில் எறிந்திருந்தார்.

“அன்னிலேருந்து மாத்திரை இல்லாம ஜம்முனு இருக்கேன்” என்றார் இப்போது.

டாக்டர் மகள் பக்கம் திரும்பினார். “தினமும் காலையில ஒண்ணு. விட்டா அடுத்த தடவை கணுக்காலோட போகாதும்மா.”

வீட்டுக்கு வந்தும் அவர் மசியவில்லை. மகள் கெஞ்சினாள், கத்தினாள். “அம்மா மாதிரி நீங்களும் திடீர்னு போயிட்டா நான் யார்கிட்டப்பா போவேன்?” என்று அழவும் செய்தாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

சாயங்காலம் சீட்டை எடுத்துக்கொண்டு தெருமுனை மருந்துக்கடைக்குப் போனவள் வெகுநேரம் கழித்துத்தான் திரும்பினாள். கண் சிவந்திருந்தது. ஆனால் உதட்டை அழுத்திக் கடித்துக்கொண்டிருந்தது அழுகையை அடக்குகிற மாதிரித் தெரியவில்லை. “என்னம்மா?” என்றார். “ஒண்ணுமில்லப்பா” என்று சமையலறைக்குள் போய்விட்டாள். அதற்குப் பிறகு மாத்திரைப் பேச்சையே அவள் எடுக்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று அகராதி நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் காலை, கையில் ஒரு தட்டோடு அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“அப்பா, ஹியர், லிஸன் ரெண்டும் ஒண்ணுதானே?”

இந்த வீட்டில் மறுபடியும் ஒரு சந்தேகம்! செய்தித்தாளை மடித்து வைத்தார்.

“உங்க அம்மாவுக்குக் கடைசிவரைக்கும் இது பிடிபடவே இல்லைம்மா. நீயாவது கவனமாக் கேளு. ஹியர்னா தானா காதுல விழறது.” வாய்க்குள் ஒரு பழத்துண்டு வந்தது, போனது. “எதிர்ல ஒருத்தர் என்ன செய்யறார், எதுக்குச் செய்யறார்னு கவனிச்சு, நாமளா காது குடுத்தா, அதுதான் லிஸன். வாழ்நாள் முழுக்க ஹியரோட நின்னுபோறவங்க நிறையப் பேர்…”

மகள் தண்ணீர் டம்ளரை நீட்டினாள்.

“குடிங்கப்பா, மாத்திரை உள்ள போயாச்சு. பத்து வருஷமா அம்மா பழத்துக்குள்ள வெச்சுக் குடுத்தது மருந்துக்கடைக்காரர் சொன்ன வழியாம். நீங்க மெல்லாம விழுங்கறதுக்குக் கேள்வி கேக்கறது மட்டும்தான் அம்மாவோட சொந்த யோசனையாம்.”