எதிரெதிரே நடந்தும் சந்திக்காத இருவர்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. அப்பாவும் உன் மகளும் நானும் நலம். கணக்குதான் படுத்த படுக்கையாக இருக்கிறது. வேலை பார்க்கும் ஊரில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். உன் மகளுக்கு இனி நான் கணக்குச் சொல்லித்தர வேண்டாம், டியூஷனில் சேர்த்துவிடு.

நடந்தது இதுதான். ஒரு தெருவின் இரு முனைகளிலிருந்து இருவர் எதிரெதிரே நடக்கிறார்கள், ஒருவருக்கு மற்றவரைவிட இரு மடங்கு வேகம், எங்கே சந்திப்பார்கள் என்று வீட்டுப்பாடம். இப்படி வாக்கியமாக வரும் கணக்கை நடித்துப் பார்த்தால் விளங்கும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். தெரு இருக்கிறது, ஆளும் இருக்கிறோம் என்று அந்தி நேரத்தில் அப்பாவை அந்த முனைக்கு அனுப்பிவிட்டு இந்த முனையிலிருந்து நான் கிளம்பினேன். உன் மகள் மாடியில் நின்று பார்த்தாள். நான்தான் மெதுவான ஆள். மெதுவாக நடந்தால் தெருவே வேறு மாதிரி இருக்கிறது அக்கா. தையல் கடையில் ஒரு நீலத் துணி தண்ணீர் போலத் தரைக்கு இறங்கிக்கொண்டிருந்தது, ஒரு ஜன்னலில் திரை மூச்சு விட்டது, யாரோ எங்கோ டம்ளரில் ஸ்பூன் போட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தார்கள், அந்தச் சத்தத்தின் பின்னாலேயே போனேன், தெரு தீர்ந்துவிட்டது. அப்பாவைக் காணோம். வழியில் சலூனுக்குள் நுழைந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தாராம்.

"நடந்துக்கிட்டே இருக்கணும்பா, அதானே கணக்கு!"

"சும்மா நடக்கறதுக்கு நான் என்ன கணக்குப் புத்தகத்து ஆளா?"

மறுநாள் பரீட்சையில் அதே கணக்கு. உன் மகள் 'சந்திக்க மாட்டார்கள்' என்று எழுதி, காரணமும் காட்டியிருக்கிறாள்: ஒருவர் சலூனில் இருந்தார், மற்றவர் கனவில் இருந்தார். சைபர். டீச்சர் என்னை வரச் சொன்னார்.

"வீட்ல யாரு சொல்லித் தர்றது?"

"நான்தான் டீச்சர்."

"என்ன படிச்சிருக்கீங்க?"

நம் வீட்டின் முதல் பட்டதாரி, அதுவும் கணக்கில் பட்டம் வாங்கியவள், மேஜைக் காலைப் பார்த்து, "கொஞ்சம் படிச்சிருக்கேன்" என்றேன். அடுத்த பரீட்சையிலும் இப்படியென்றால் அவள் இதே வகுப்பில் இன்னொரு வருஷம் உட்கார வேண்டுமாம். வீட்டுக்கு வந்து அதட்டலாம் என்று வாயைத் திறந்தால், "நீங்களும் தாத்தாவும் சந்திக்கவே இல்லையே சித்தி, பொய்யா எழுதச் சொல்றீங்க?" என்கிறாள். என்னால் அவளுக்கு ஒரு வருஷம் வீணாக வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். அப்பா உன்னை விசாரித்தார், சலூன்காரரும்தான்.

இப்படிக்கு,
பாசமுள்ள தங்கை

பி.கு.: தபாலில் போடக் கிளம்பியவளை உன் மகள் மறித்து, எங்கள் இருவரையும் மறுபடி நடக்கச் சொன்னாள். நடந்தோம். சைக்கிள் கடை வாசலில் அவளே நின்றுகொண்டிருந்தாள். இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அப்பாவும் ஒரே நேரத்தில் அவள்மேல் மோதாத குறை.

"எப்படிடி கண்டுபிடிச்ச?"

"பேப்பர்ல தெருவை வரைஞ்சு மூணா மடிச்சேன். சித்திக்கு ஒரு மடிப்பு, தாத்தாவுக்கு ரெண்டு."

"அதான் தெரிஞ்சுபோச்சே, அப்புறம் ஏன் இங்க வந்து நிக்கற?"

"கணக்கு சரிதான் சித்தி. உங்க ரெண்டு பேரையும்தான் நம்ப முடியல."

டியூஷன் வேண்டாம் அக்கா.