மாடிப்படிக்குக் கீழே ஒளித்த சப்பாத்து

பிள்ளைகளே, பொய் சொல்லப் பெரிய படிப்புத் தேவையில்லை. பத்தாம் வகுப்போடு நின்றுபோன எனக்கே அது நன்றாக வந்தது. அதுவும் முழுப் பொய் இல்லை, ஐந்தில் நான்கு பங்குதான்.

என் மகள் துளசி வேலை செய்துகொண்டே படிக்கிறாள். டிகிரி அப்ரென்டிஸ்ஷிப் என்பார்கள். கிழமைக்கு நான்கு நாள் கட்டட வேலைத்தளம், ஒரு நாள் பல்கலைக்கழகம். படிப்புச் செலவு கம்பனியுடையது; முடிவில் பொறியியல் பட்டம். அவள் இதை விளங்கப்படுத்தியபோது நான் நன்றாகத் தலையாட்டினேன். (எனக்கு விளங்காத விஷயங்களுக்குத்தான் நான் அதிகம் தலையாட்டுவேன்.) என் காதில் நின்றது ஒரே ஒரு சொல்: வேலைத்தளம்.

லண்டனுக்கு வந்த புதிதில் நானும் வேலைத்தளத்தில் கல் சுமந்தவன். வேலை முடிந்து பஸ்ஸில் ஏறினால் காலில் கிடந்த என் சேற்றுச் சப்பாத்தைப் பார்த்தே பக்கத்து சீட் காலியாக இருக்கும். அப்படியொரு சப்பாத்தை என் பிள்ளை போடக்கூடாது என்று அன்றைக்கே நினைத்துவிட்டேன். அவளோ அதையேதான் கடை கடையாகத் தேடி வாங்கினாள், விரல் பக்கம் இரும்பு வைத்தது.

கோயிலில் யாராவது கேட்டால், "துளசி யூனிவர்சிட்டியிலை படிக்கிறாள்" என்பேன். அந்த ஒரு நாளைச் சொல்லி மற்ற நான்கையும் விழுங்கிவிடுவேன். வீட்டுக்கு ஆட்கள் வந்தால் அவளுடைய சப்பாத்து மாடிப்படிக்குக் கீழே உள்ள அலுமாரிக்குள், வக்யூம் கிளீனருக்குப் பின்னால் போய்விடும். விடிய அவள் அதைத் தேடும்போது நான் நித்திரை போலக் கிடப்பேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாப்பிடும்போது சொன்னாள்: "அப்பா, நாளைக்கு முதல்முறை நான் தனிய நிலம் அளக்கப் போறன். எங்கட வேலைத்தளப் பெரியவர் பக்கத்திலை நிண்டு பாத்து மார்க் எழுதுவார். அது யூனிவர்சிட்டிக்கும் போகும்." தலையாட்டினேன். எந்த இடத்தில் என்று கேட்கவில்லை. வேலைத்தளம் எங்கே என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

மறுநாள் ஈஸ்ட் ஹாம் கடைத்தெருவில் மரக்கறி வாங்கிக்கொண்டு வரும்போது, கோயிலில் பழக்கமான ரத்தினம் அண்ணை சேர்ந்துகொண்டார். அவருடைய மகன் டொக்டருக்குப் படிக்கிறான். வணக்கம் சொல்ல முதலே அதைச் சொல்லிவிடுவார். பேசியபடி நடந்தோம். புதுக் கட்டடம் எழும்பும் ஓரிடத்தில், நடைபாதை ஓரம், மஞ்சள் ஜாக்கெட்டும் தலைக்கவசமுமாக ஒரு பெண் மூன்று கால் வைத்த ஓர் அளவைக் கருவிக்குள் ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றாள்.

என் துளசி.

"ஆர் தம்பி உந்தப் பிள்ளை? எங்கட ஆக்கள் மாதிரிக் கிடக்கு," என்றார் ரத்தினம் அண்ணை.

"தெரியேல்லை அண்ணை. ஆரோ ஒரு பிள்ளை."

என் குரல் என்றைக்கும் மெதுவானது இல்லை. அவள் தலை திரும்பியது. நான் மரக்கறிப் பையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு விறுவிறு என்று நடந்தேன். முகத்தை மறைத்தால் பாதையும் மறையும் என்பதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கருவியின் காலில் என் கால் மாட்டியது.

தொட்டிலில் இருந்து விழுகிற குழந்தையைப் பிடிப்பதுபோல் துளசி அதைப் பாய்ந்து கட்டிப்பிடித்தாள். கருவி தப்பியது. நான் தப்பவில்லை. முருங்கைக்காய்களோடு நிலத்தில் கிடந்தேன். அவள் காலையிலிருந்து மட்டம் பார்த்து நிறுத்தியதெல்லாம் ஒரே உதையில் போய்விட்டது.

பெரியவர் என்று அவள் சொன்ன தாடிக்காரர் ஓடிவந்தார். "இவரை உனக்குத் தெரியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

துளசி என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. "தெரியாது" என்று அவருக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு எனக்கு விளங்கத் தமிழில்: "ஆரோ ஒரு ஆள்."

முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ரத்தினம் அண்ணை நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். "அட, உது துளசி எல்லோ! என்ன தம்பி, சொந்தப் பிள்ளையைத் தெரியேல்லையோ? கண்ணை ஒருக்கால் காட்டும். என்ர மகன்..."

(டொக்டருக்குப் படிக்கிறான். தெரியும், அண்ணை.)

நிலத்தில் இருந்தபடியே, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தாடிக்காரரிடம் சொன்னேன்: "இவள் என் மகள்." அந்த வீதி முழுக்கக் கேட்டிருக்கும். கொஞ்சம் பிந்திவிட்டது, அவ்வளவுதான்.

அவள் முதலில் இருந்து தொடங்க வேண்டியதாயிற்று. நான் எதிர்ப்பக்கத்தில் நின்று பார்த்தேன். கருவியின் ஒவ்வொரு காலையும் சப்பாத்தால் மிதித்து இறுக்கினாள். குனிந்தாள், நிமிர்ந்தாள், எழுதினாள், திரும்பவும் பார்த்தாள். கடைசியில் நிலத்தில் ஒரு புள்ளி வைத்தாள். தாடிக்காரர் தன் தாளில் ஏதோ குறித்துவிட்டுத் தலையாட்டினார். அது விளங்கி ஆட்டுகிற தலை.

நான் கல் சுமந்த காலத்தில், எங்கே வைக்க வேண்டும் என்பதற்கு நிலத்தில் எப்போதும் ஓர் அடையாளம் இருக்கும். அதை வைப்பவர் யார் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

அன்று பின்னேரம் அவள் வந்து சப்பாத்தைக் கழற்றினாள். நான் சேற்றைத் துடைத்து, முன்கதவுக்குப் பக்கத்தில், வருகிறவர்கள் எல்லாருக்கும் தெரியும்படி வைத்தேன். அவள் பார்த்தாள். பிறகு மாடிப்படி ஏறிப் போனாள்.

இப்போது அவளுக்குக் கடைசி வருடம். சப்பாத்து அதே இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் நான் வீட்டுக் கதவின் திறப்பை மறந்துவிட்டு வந்து மணியடித்தால், உள்ளே இருந்து "ஆரது?" என்று கேட்பாள். "அப்பா" என்றால் கதவு திறக்காது. மழை பெய்தாலும், பக்கத்தில் ரத்தினம் அண்ணை நின்றாலும், நான் சொல்லியாக வேண்டும்:

"ஆரோ ஒரு ஆள், பிள்ளை."